டெய்லரம்மா படகு தைத்த வருடம்

படகைக் கரையேற்றிய மூன்றாம் நாள், காலை ஏழே காலுக்கு, டெய்லரம்மாவின் வீடு ஆடத் தொடங்கியது. நிலநடுக்கம் எதுவும் இல்லை. இடப்பக்கத்து வீடும் வலப்பக்கத்து வீடும் இருந்த இடத்தில் இருந்தன. இந்த ஒரு வீடு மட்டும் மெல்ல இடப்புறம் சாய்ந்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்று, பிறகு வலப்புறம் சாய்ந்தது. அலமாரியிலிருந்த நூல்கண்டுகள் வரிசையாக உருண்டு வந்து விழுந்தன. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு நிறம். டெய்லரம்மா அவற்றைப் பொறுக்கக் குனிவதற்குள் வீடு மறுபக்கம் சாய, அத்தனையும் கட்டிலடிக்கு ஓடின. கட்டிலில் வலது கணுக்காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அவள் கணவர், அந்தப் படகுக்காரர், கண்ணைத் திறக்காமலேயே, "தென்கிழக்குக் காத்து. மத்தியானம் அடங்கிடும்" என்றார். மத்தியானம் அடங்கியது. மறுநாள் காலை அதே நேரத்துக்கு மறுபடி தொடங்கியது.

அது இருபத்தாறு வருடம் ஓடிய ஃபைபர் படகு. நீளம் இருபத்தெட்டு அடி. படகுக்காரரின் அப்பா வாங்கியது. அவர் போன பிறகு பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு என்று ஆனது. மகன் கடலுக்குப் போனார். மகள், அதாவது டெய்லரம்மாவின் நாத்தனார், துறைமுக வாசலில் ஐஸ் கடை வைத்திருந்தாள். அந்த வாரம் கடலில் வலையை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது படகின் மேல்தளம் படகுக்காரரின் வலது காலை முழங்கால் வரை விழுங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் உருவி எடுத்தார்கள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தவர்கள், தளத்துக்கு அடியில் பலகை என்று ஒன்று இல்லை, ஊறிப்போன ரொட்டி மாதிரி ஏதோ இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். படகைப் பட்டறைக்கு இழுத்துப் போய் ஆறு கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். பட்டறையில் ஃபைபர் வேலை பார்ப்பவரை எல்லோரும் ரெசின் தம்பி என்று கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயது, இரண்டு கையிலும் காய்ந்த ரெசின் பசை செதில் செதிலாக ஒட்டியிருக்கும். அவர் சுத்தியல் காம்பால் படகை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார், தட்டிக்கொண்டே திரும்பி வந்தார். "இதைச் சரி பண்ற பாட்டுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வீடு ஆடுவதைத் தெரு ஒரு வாரம் நின்று வேடிக்கை பார்த்தது. எட்டாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். டெய்லரம்மாவுக்கு வேடிக்கை பார்க்கவும் நேரமில்லை. பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. நூற்றெண்பது சீருடை தைக்க வேண்டும். தச்சரைக் கூப்பிட்டு மெஷினின் நான்கு காலையும் தரையோடு முடுக்கச் சொன்னாள். மேசை விளிம்பிலும் அலமாரித் தட்டுகளிலும் விரற்கடை உயரத்துக்குச் சட்டம் அடித்தாள். கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சாய்வின் முடிவிலும் வீடு ஒரு மூச்சு நேரம் நிற்கிறதே, அந்த நேரத்துக்குள் பதினோரு அங்குலம் நேராகத் தைத்துவிடலாம் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்தாள். நூற்றெண்பது சீருடையும் பதினோரு அங்குலம் பதினோரு அங்குலமாகத் தைக்கப்பட்டவை. ஒன்றில்கூடத் தையல் வளையவில்லை. வேண்டுமென்றால் அந்த வருடம் அந்தப் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கைக்காரர்களுக்கு வயிற்றைப் புரட்டியது. கல்யாண உடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண் இடுப்பளவு எடுப்பதற்குள் முகம் வெளுத்து வாசலுக்கு ஓடிவிட்டாள். மீதி அளவை வீட்டுக்குப் போய் போனில் சொன்னாள்.

இரண்டாம் மாதம் வீடு இறங்க ஆரம்பித்தது. முதலில் கவனித்தவர் வலப்பக்கத்து வீட்டுப் பத்திர எழுத்தர். எதைப் பார்த்தாலும் அதன் நான்கு எல்லையையும் சேர்த்துப் பார்க்கிற மனிதர். ஒரு நாள் காலை வேலியோரம் வந்து நின்று, "அம்மா, உங்க வீட்டுக்கு மூணு படி. இருபது வருஷமா பார்க்கிறேன். இப்ப ரெண்டுதான் இருக்கு" என்றார். டெய்லரம்மா வந்து பார்த்தாள். கீழ்ப்படி உடையவில்லை, பெயரவில்லை. தண்ணீருக்குள் இறங்குவது போல மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்த வாரமே பின்னறையில் தண்ணீர் வந்தது. தினமும் காலையில் விரல் ஆழத்துக்கு நிற்கும். நக்கிப் பார்த்தால் உப்பு. குவளையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். சில நாள் நகக்கண் அளவுக்கு நண்டுகூட வரும். அதை முறத்தில் எடுத்துப் போய்ச் சாக்கடையோரம் விட்டுவிட்டு வருவாள். கணவரிடம் கேட்டதற்கு, "உள்ள தண்ணி குடிச்சிருக்கு. இறங்கத்தானே செய்யும்" என்றார். "எது, வீடா, படகா?" என்று கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் படகுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரத்தில் மட்டுமே நடந்தார். எந்த அறையிலும் தரையின் நடுவில் கால் வைக்கவில்லை. கட்டிலிலிருந்து வாசலுக்கு நேராகப் போனால் எட்டு அடி. அவர் மூன்று சுவரையும் சுற்றிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோதும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தனார் நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள், தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள், பிறகு டெய்லரம்மாவிடம் சொன்னாள்: "படகை அறுத்துப் போட்டுட்டு இன்ஜினை வித்துடலாம். செத்ததைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் அழறது?"

"படகை அறுத்தா வீடு என்ன ஆகும் அண்ணி?"

"வீடு எப்படியோ போகட்டும். ஐஸ் கடைக்குப் பின்னாடி ரெண்டு ரூம் சும்மாத்தான் கிடக்கு. வந்து இருங்க."

"நடுத்தரையில கால் வைக்க மாட்டேங்கிறாரு. இவரைத் தெருவைத் தாண்டி எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

நாத்தனார் நிலைக்கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வீடு வலப்புறம் சாய்ந்து நிமிரும் வரை காத்திருந்து, நிமிர்ந்ததும் சட்டென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் டெய்லரம்மா கடையை அடைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அந்தப் படகில் அவள் ஏறியதில்லை. படகு அவள் கணவரை ஏற்றிப் போகும், இறக்கிவிடும், அவ்வளவுதான் அதோடு பழக்கம். ஏணி வைத்து ஏறினாள். கால் போன ஓட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கிழிந்த விளிம்பை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள். கண் பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. இழை மேல் இழை, ஒன்றுக்கு மேலே ஒன்றுக்குக் கீழே என்று போகிற நெசவு. கீழே தேய்க்கும் கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ரெசின் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இது துணியா?"

"துணிதாங்க்கா. கண்ணாடி நாரு. ரெசின்ல நனைச்சு ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டுறது. அடியில ஒன்பது சுத்து இருக்கும், மேல அஞ்சு."

"ஒன்பது சுத்துத் துணியில ஒரு உடுப்பு. அவ்வளவுதானே?"

ரெசின் தம்பிக்குச் சிரிப்பு வந்தது. "அப்படிப் பார்த்தா அவ்வளவுதான்."

"அப்ப எனக்குத் தெரியும்" என்றாள் டெய்லரம்மா.

காலையில் தையல், மதியத்துக்கு மேல் பட்டறை என்று வைத்துக்கொண்டாள். படகுக்கு மேல் தார்ப்பாய் கட்டினாள். கத்தரிக்கோலின் பிடியால் மேல்தளம் முழுவதையும் சாண் சாணாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்ட இடத்தை விட்டுவிட்டு, சொத்தென்று கேட்ட இடத்தையெல்லாம் தையல் சாக்பீஸால் கோடு போட்டு அடைத்தாள். கோடு போட்டு முடித்தபோது கோட்டுக்கு வெளியே மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ரெசின் தம்பி கோட்டின் மேலேயே அறுத்துக் கொடுத்தார். மேல் தகட்டைப் பெயர்த்து எடுத்தால் உள்ளே கறுத்துக் கூழாகிக் கிடந்தது பிளைவுட். கரண்டியால் சுரண்டிச் சுரண்டி நாற்பத்தொரு வாளி அள்ளினாள். நடுவில் ஒரு விஷயம் அவளுக்குப் புலப்பட்டது. பெயர்த்தெடுத்த தகட்டில் அங்கங்கே ஒட்டு இருந்தது. ஒரு இடத்தில் தகரம், ஒரு இடத்தில் சாக்கு, ஒரு இடத்தில் பழைய மழைக்கோட்டுத் துண்டு. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றின் மேலும் தளத்தின் நிறத்திலேயே பெயிண்ட். ஊசி பிடிக்கத் தெரியாத ஆள் யாரும் பார்க்காதபோது போட்ட ஒட்டு என்று பார்த்தாலே தெரிந்தது. அதில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, கணவருக்கு முன்னால் கட்டில் மேல் வைத்தாள்.

"இது எத்தனை வருஷமா?"

வீடு சாய்ந்தது. துண்டு சறுக்கிக்கொண்டு போனது. அவர் கையால் தடுத்து நிறுத்தினார்.

"ஆறு."

"ஆறு வருஷமா உளுத்த பலகை மேல நின்னா வலை இழுத்தீங்க?"

"எங்க கால் வைக்கலாம், எங்க வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன். கரையேத்தினா ஒரு வருஷம் தொழில் போயிடும். நம்ம பொண்ணு அப்பதான் வெளியூருக்குப் படிக்கப் போயிருந்தா."

"அப்புறம் அன்னைக்கு மட்டும் எப்படி?"

அவர் துண்டின் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "அன்னைக்கு மீன் நல்லாப் பட்டுச்சு. அப்படி ஒரு வலை பார்த்து ரொம்ப நாளாச்சு. சந்தோஷத்துல எங்க கால் வைக்கிறோம்னு மறந்துட்டேன்."

ஆறு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள் டெய்லரம்மா. துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு கேவலமா இருக்கு. என்கிட்ட சொல்லியிருந்தா ஒழுங்கா போட்டுக் கொடுத்திருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்து, ஊறின தண்ணீர் வடிவதற்காகப் படகின் அடியில் ஐந்து துளை போட்டார்கள். ஒரு நாள் வடியும், மிஞ்சிப் போனால் இரண்டு நாள் என்றார் ரெசின் தம்பி. பத்தொன்பது நாள் வடிந்தது. பட்டறை வாசலில் வாய்க்கால் போல ஓடியது. தண்ணீரோடு விரல் நீள மீன்கள் வந்தன, பாசி வந்தது, யாரோ எந்தக் காலத்திலோ தொலைத்த மூக்குக் கண்ணாடி ஒன்று வந்தது. பட்டறைக்காரர்கள் மேலே ஒரு பலகை போட்டு நடந்துகொண்டார்கள். பத்தொன்பதாம் நாள் வடிவது நின்றபோது வீட்டின் பின்னறை காய்ந்திருந்தது. மண்ணுக்குள் போன படி பாதி வெளியே வந்திருந்தது. பத்திர எழுத்தர் அடிக்கோலை வைத்து அளந்து, "நாலே கால் அங்குலம் ஏறியிருக்கு" என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அடிப்பாகம். பழைய பெயிண்டைத் தேய்த்து எடுத்தால் உடம்பு முழுக்கக் கொப்புளம். ஒவ்வொன்றையும் கிரைண்டரால் திறந்தாள். திறந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு வடிந்து வினிகர் நாற்றம் அடித்தது. அந்த நாட்களில் வீட்டின் வெளிச்சுவரிலும் கொப்புளம் கிளம்பி ஒவ்வொன்றாக உடைந்தது. தெரு முழுக்க வினிகர் நாற்றம். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று பத்திர எழுத்தர் தன் மொட்டை மாடியிலிருந்து எண்ணிச் சொன்னார். படகிலும் அவ்வளவுதான் இருந்தது. கெட்டுப்போன மேல் சுற்றுகள் மூன்றையும் தேய்த்து எடுத்தபோது படகு வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிட்டது. மதிய வெயிலில் அதற்குள் யாராவது நின்றால் வெளியிலிருந்து ஆள் நிழலாகத் தெரியும். வீட்டுச் சுவரும் அப்படியே ஆனது. சாயங்காலம் விளக்குப் போட்டால் டெய்லரம்மா மெஷினில் குனிந்திருப்பதும், படகுக்காரர் சுவரோரமாகச் சுற்றி வருவதும் தெருவுக்குத் தெரியும். அவள் கைகளிலும் கழுத்திலும் கண்ணாடித் தூள் ஏறி அரித்தது. பச்சைத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு சீருடைக்குப் பித்தான் வைத்தாள். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதற்குள் புதுத் துணி ஏறாவிட்டால் இந்தச் சுவர் ஒரு மழைகூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவில்லை. படகு உள்வரைக்கும் காயட்டும் என்று நான்கு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முதல் துணி சரியாக வரவில்லை. ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டாள். அடிக்கிற வெயிலில் வாளி புகைந்து, ஆறே நிமிடத்தில் பிரஷ்ஷோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. இரண்டாம் நாள் துணி ஒட்டியது, ஆனால் ரெசின் சீக்கிரம் இறுகியதால் அடியில் காற்று நின்று வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. "பரவாயில்லக்கா, பெயிண்ட் அடிச்சா தெரியாது" என்றார் ரெசின் தம்பி. "தெரியாது தெரியாதுன்னுதான் ஆறு வருஷம் ஓடியிருக்கு" என்றாள் டெய்லரம்மா. கோணல் தையலைப் பிரிப்பது போல அத்தனையையும் மறுநாள் தேய்த்து எடுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் நாத்தனார் பட்டறைக்கு வந்தாள். தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ கடையில் சொல்லியிருந்தார்கள். வந்தவள் மூன்றாவது வாளி புகைவதைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அரைமணி நேரத்தில் தள்ளுவண்டியில் அரைப் பாளம் ஐஸோடு வந்து, அதை ஒரு தொட்டியில் போட்டு உடைத்து, ரெசின் வாளியைத் தூக்கி நடுவில் வைத்தாள். அந்த வாளி இருபத்தைந்து நிமிடம் இறுகாமல் நின்றது. நாத்தனார் வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "எதுக்கு எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க? பாதிப் படகு என்னுதுதானே" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மதியம்கூட அவள் வராமல் இருக்கவில்லை.

அடிப்பாகத்துக்கு மூன்று சுற்றையும் ஒரே நாளில், ஒன்று காய்வதற்குள் அடுத்தது என்று போட வேண்டியிருந்தது. டெய்லரம்மா அதற்கு வீட்டிலேயே தயாராகிவிட்டாள். படகின் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி அளவு எடுத்து, அந்தத் தாளை வைத்து கண்ணாடித் துணியை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சுருட்டி வைத்தாள். முன்மூக்கு வளைவில் துணி மடங்காமல் உட்காருவதற்கு, சட்டைத் தோளுக்குப் பிடிப்பது போல டக் பிடித்தாள். ஒரு சுற்றின் ஓரம் அடுத்த சுற்றின் ஓரத்தோடு ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி வைத்தாள். விளிம்பை வெட்டாமல் நூல் பிரித்து விட்டால் தடிப்பு தெரியாமல் படிகிறது என்பதையும் அவளேதான் கண்டுபிடித்தாள். பன்னிரண்டு வருடமாக முழங்கால் மேல் துணியைப் போட்டுக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்த ரெசின் தம்பி, அன்று காலை அந்தச் சுருள்களைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தார்.

துணி போட டெய்லரம்மா, ரெசின் பூச ரெசின் தம்பி, ஐஸுக்கும் கலக்குவதற்கும் நாத்தனார். ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்ற ஒரு ஆள் குறைந்தது. முதல் சுற்று பாதி முடிந்திருந்தபோது பட்டறை வாசலில் படகுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சுவர், பக்கத்து வீட்டுச் சுவர், பள்ளிக்கூடத்து மதில், நின்றுகொண்டிருந்த லாரி என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, பத்து நிமிடத் தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடந்து வந்திருந்தார். வாசலிலிருந்து படகுக்கு நாற்பது அடி வெறும் மண். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. டெய்லரம்மா பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்பதாம் எண் துணியை விரித்து நீவினாள். பதினோராம் எண் போடும்போது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். நாத்தனார் ரோலரை நீட்டினாள். அவர் முக்காலி போட்டு உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தார். முன்மூக்குக்குச் சற்றுக் கீழே வந்தபோது கையை நிறுத்தி, "இங்க இன்னும் ஒரு சுத்து வேணும். அலை இங்கதான் வந்து முட்டும்" என்றார்.

"தெரியும். நம்ம வீட்டுல சமையல்கட்டுச் சுவர்தான் முதல்ல அதிரும்" என்றாள் டெய்லரம்மா. அந்த இடத்துக்கு வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்தரை மணிக்கு முடித்தார்கள். தட்டினால் படகு முனைக்கு முனை கணீரென்றது. நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டு பதினொரு நாள் விடாமல் பெய்தது. வீட்டுச் சுவருக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. விளக்குப் போட்டாலும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. தெருவில் சிலருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

மழைக்குப் பிறகு தார்ப்பாய்க்கு அடியிலேயே மேல்தளத்தை முடித்தார்கள். பலகைக்குப் பதிலாக ஊறாத ஃபோம், அதன் மேல் ஐந்து சுற்றுத் துணி, பிறகு பெயிண்ட். கால் வழுக்காமல் இருக்க ஈரப் பெயிண்டின் மேல் சலித்த மணலைத் தூவினாள். பெயிண்ட் காய்ந்ததும் படகுக்காரர் ஏணி வழியாக ஏறினார். தரையின் நடுவில் நடக்கப் பழகியிருந்த மனிதர், தளத்தில் இறங்கியதும் பழையபடி ஆகிவிட்டார். முன்னிருந்து பின்னுக்கு நேராக வரவில்லை. ஓர் அடி இந்தப் பக்கம், ஓர் அடி அந்தப் பக்கம், நடுவில் ஒரு தாண்டல் என்று வந்தார். பழைய ஒட்டுகள் இருந்த ஏழு இடத்தையும் கால் தானாகவே விலக்கிக்கொண்டது. டெய்லரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, "அண்ணி, கொஞ்சம் மேல வாங்க" என்றாள். நாத்தனார் நல்ல கனம். ஐஸ் பாளத்தை இடுப்பில் வைத்துத் தூக்குகிற உடம்பு. ஏணி முனக, தானும் முனகிக்கொண்டு ஏறி வந்தாள்.

"இங்க நின்னு குதிங்க."

"இந்த வயசுல என்னைக் குதிக்க விடறியா?"

"ஒரே ஒரு தடவை."

நாத்தனார் குதித்தாள். படகு மூச்சு விடவில்லை. டெய்லரம்மா காட்டிய ஏழு இடத்திலும் குதித்தாள், மூன்றாவதற்குப் பிறகு அவளுக்கே பிடித்துப்போய், ஏழு முடிந்ததும் கேட்காமலே எட்டாவதாக ஒன்று குதித்துவிட்டு, தம்பியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள்: "இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?" படகுக்காரர் தன் கால் உள்ளே போன இடத்துக்கு வந்தார். வலது காலை வைத்தார். பிறகு இடது காலையும் வைத்தார். ஒரு டீ குடிக்கும் நேரம் அங்கேயே நின்றார். டெய்லரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பிரஷ்களைக் கழுவினாள்.

கரையேற்றிப் பத்து மாதம் கழித்துப் படகு தண்ணீரில் இறங்கியது. உள்ளே ஊறிக் கிடந்த கனம் போய்விட்டதால் முன்னைவிட ஒரு சாண் உயரமாக மிதந்தது. நீர்மட்டக் கோட்டை ரெசின் தம்பி மாற்றிப் போட வேண்டியிருந்தது. வீடும் அதே நேரம் உயர்ந்தது. மூன்று படியும் வெளியே வந்து, அதற்குக் கீழேயும் இடைவெளி விழுந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு நான்காவதாக ஒரு படி கட்டினார்கள். அன்று மாலை வீடு ஆடவில்லை. படகுக்காரர் ஆட்டத்துக்குப் பழகிய கையால் தட்டை மேசையில் வைக்கப் போய் இரண்டு தடவை தரையில் வைத்தார். டெய்லரம்மா ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்தாள். அந்த வருடத்திலேயே முதல் முறையாகத் தையல் வளைந்தது. பிரித்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மெஷினை மூடினாள்.

மறுநாள் விடிந்ததும் அவளும் படகில் ஏறினாள். "என் வேலை தண்ணியில எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்" என்றாள். தைத்த துணியை வாங்க ஆட்கள் வருவார்கள் என்று நாத்தனாரை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் படகு ஆடியது. குமட்டும் என்று எதிர்பார்த்திருந்தாள், குமட்டவில்லை. பத்து மாதப் பழக்கம். தளத்தின் நடுவில் எதையும் பிடிக்காமல் நின்றாள். பிறகு ஓரத்துக்குப் போய்க் குனிந்து முன்மூக்கைப் பார்த்தாள். அலை வந்து, அவர் சொன்ன அதே இடத்தில் முட்டியது. துணி அசையவில்லை. படகுக்காரர் வலையை வாரிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தார். நேராக நடந்தார், காலைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அப்படி அவர் நடப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். கல்யாண நாளில்கூட அவர் இவ்வளவு அழகாக இல்லை என்று தோன்றியது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் ஈரத் துணியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"பத்தரை மணிக்கு ஒரு பெரிய அலை வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார் படகுக்காரர். "பக்கவாட்டுல."

"பால் மொத்தமும் கொட்டிப்போச்சு" என்றாள் நாத்தனார்.

பத்து மாதத்தில் வீட்டுக்கு அது பழகிப்போயிருந்தது. படகு கட்டியிருக்கும்போது வீடு மற்ற வீடுகளைப் போல நின்றது. படகு கிளம்பினால் வீடும் கிளம்பியது. அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், அவர் திரும்பிவிட்டாரா என்பதெல்லாம் டெய்லரம்மாவுக்குத் தைத்துக்கொண்டே தெரிந்தது. கடலுக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் அவள் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த சில வருடங்களில் பதினான்கு படகுகளுக்கு அவள் துணி வெட்டிக் கொடுத்தாள். அவற்றில் எதுவும் இன்றுவரை ஒரு காலையும் விழுங்கவில்லை. வாசலில் ஏற்கெனவே தொங்கிய தையல் கடைப் பலகைக்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை மாட்டினார்கள். பத்திர எழுத்தர்தான் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: "துணி எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். படகு கரையில் இருக்கும்போது மட்டும் அளவு எடுக்கப்படும்."